எந்த வாய் தின்றது?

(வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டுவிட்டது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் நத்தைக்கு மருந்து கேட்க வந்தவர்கள் என்று அமைப்பாளர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். சொல்கிறேன். ஆனால் ஒரு மருந்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. செடி போய்விட்டது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எந்த வாய் தின்றது என்பதைத்தான்.

பெரும்பாலும் பதில் வருவதில்லை. "என்னமோ தின்னுது சார்" என்று கைப்பேசியை நீட்டுவார்கள். படத்தைப் பெரிதாக்கி ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். ஓரம் சுத்தமாக வெட்டுப்பட்டு, கீழ் இலையில் கறுப்பாகச் சின்ன உருண்டைகள் கிடந்தால் புழு. ஓட்டை கோணல்மாணலாக இலையின் நடுவில் விழுந்து, பக்கத்தில் காய்ந்த பளபளப்பான தடம் தெரிந்தால் நத்தை. ஓட்டையே இல்லை, இலை சுருண்டு மஞ்சளடித்து, தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் சாறு உறிஞ்சும் கூட்டம். நாற்றின் தண்டு தரைமட்டத்தில் வெட்டுப்பட்டுச் சாய்ந்திருந்தால் அடிமண்ணைக் கிளறுங்கள், வெட்டுப்புழு சுருண்டு கிடக்கும். தக்காளிப் பழத்தைப் பாதி கடித்துப் போட்டிருந்தால் எலியோ அணிலோ. அதற்கு வலைதான், என்னிடம் வேறு வித்தை இல்லை.

இந்த விசாரணை நடக்காமல் நேரே உரக்கடைக்குப் போனால் என்ன ஆகும்? "பூச்சி மருந்து குடுங்க" என்பீர்கள். அவரும் எடுத்துக் கொடுப்பார். நத்தையோ பூச்சி இனமே கிடையாது. பூச்சியின் நரம்பைத் தாக்குவதற்கென்று தயாரித்த மருந்துகள் பலவற்றை அது சட்டையே செய்வதில்லை. செத்துப்போவது அசுவினி தின்ன வந்த பொறிவண்டுதான். அடுத்த வாரம் நத்தையும் இருக்கும், அசுவினியும் கூடியிருக்கும்.

ஆகவே நத்தையின் வாயிலிருந்தே தொடங்குவோம். ஒரு கண்ணாடித் துண்டில் கோதுமை மாவுக் கரைசலை மெல்லிசாகத் தடவி, அதன்மேல் ஒரு நத்தையை ஊர விட்டு, அடியிலிருந்து பாருங்கள். வாய் திறக்கும். உள்ளிருந்து நாடா ஒன்று நீண்டு, மாவை வழித்துக்கொண்டு உள்ளே போகும், திரும்பவும் வரும். அந்த நாடா முழுக்க வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான நுண்பற்கள். முன்வரிசை தேய்ந்து உதிர உதிர, பின்னாலிருந்து புதுவரிசை நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். அது கடிப்பதில்லை, தேங்காய்த் துருவி மாதிரி சுரண்டி எடுக்கிறது. அதனால்தான் முற்றிய முருங்கை மரத்தடியைவிட, முந்தாநாள் முளைத்த கீரைப் பாத்தி அதற்கு இஷ்டம். விதை முளைக்கவில்லை என்று விதைக் கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பலருடைய விதை ஒழுங்காகத்தான் முளைத்திருக்கும். விடிவதற்குள் முளை போயிருக்கும், அவ்வளவுதான்.

நம் ஊர்களில் இன்று அதிகம் தொல்லை கொடுப்பது, ஆப்பிரிக்கப் பெருநத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. ஓடு 20 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. இது தானாக ஊர்ந்து இந்தியாவுக்கு வந்துவிடவில்லை. 1847-இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்தார். அவர் நத்தைகளை ஆராய்ந்தவர். கல்கத்தாவில் சௌரங்கிப் பகுதித் தோட்டமொன்றில் அவை விடப்பட்டன. 1900-ஐ ஒட்டி இலங்கைக்குப் போனது. 1970-வாக்கில் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் காணப்பட்டது. அங்கிருந்து கேரளம் முழுக்கப் பரவிவிட்டது. 500-க்கும் மேற்பட்ட வகைச் செடிகளைத் தின்னும். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், எந்த இரண்டு சந்தித்தாலும் முட்டைதான். ஒரு முறைக்கு 100 முதல் 400 முட்டை வரை இடும். வாங்கி வைத்த விந்தை உடம்பில் சேமித்து, மாதக்கணக்கில் கழித்தும் முட்டையிடும். ஒன்றுதானே இருக்கிறது என்று விட்டுவைக்க முடியாதது இதனால்தான்.

அமெரிக்காவின் மயாமியில் 1966-இல் இது நடந்தேவிட்டது. ஹவாய்த் தீவுக்குப் போன ஒரு சிறுவன் மூன்று நத்தைகளை ரகசியமாகக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழு ஆண்டுகளில் 18,000 நத்தைக்கு மேல் ஆகிவிட்டன. அரசாங்கம் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, 1975-இல்தான் ஒழித்தது. 2011-இல் மறுபடி தலைகாட்டின. இந்த முறை மோப்பம் பிடிக்க லாப்ரடார் நாய்களைக்கூடப் பழக்கினார்கள்; ஒழிந்துவிட்டதாக அறிவிக்க 2021 ஆயிற்று. அடுத்த ஆண்டே அதே மாநிலத்தின் வேறொரு மாவட்டத்தில் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் முற்றாக ஒழிக்கலாம் என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். நம் தோட்டத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாம், அது நடக்கிற காரியம்.

நத்தையின் பலவீனம் தண்ணீர். வழுக்கிக்கொண்டு நகர அது விடும் சளியில் பெரும்பகுதி தண்ணீர்தான். நகரும் ஒவ்வொரு அடிக்கும் உடம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் செலவாகிறது. அதனால் வெயிலில் வராது. கோடை வந்தால் ஓட்டின் வாயைச் சவ்வு போட்டு மூடிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். ஓடில்லாத நத்தைக்கு அந்த வசதியும் இல்லாததால் தொட்டிக்கு அடியில், செங்கல் சந்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இது புரிந்தால், காசு செலவில்லாத முதல் வைத்தியம் உங்களுக்கே தெரிந்துவிடும். மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க அதற்கு ஈரப் பாதை போட்டுக் கொடுக்கிறீர்கள். மழைக்காலத்தில் அது நம் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலகை, உடைந்த தொட்டி, க்ரோபேக்குக்கு அண்டை கொடுத்த செங்கல் எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நம் கையில் இருக்கிறது. மண்ணில் மஞ்சளும் வெள்ளையும் கலந்த நிறத்தில், நாலைந்து மில்லிமீட்டர் உருண்டைகள் குவியலாக இருந்தால் அவை முட்டைகள். அந்தக் குவியலை எடுத்தால் நூறு இருநூறு நத்தை ஒரே கையில் போயிற்று.

அடுத்தது பொறி. கோணிச் சாக்கைத் தண்ணீரில் நனைத்து, அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் கழிவு போட்டு, இருட்டும்போது பாத்தி ஓரத்தில் விரித்து வையுங்கள். விடிந்ததும் வெயில் ஏறுவதற்கு முன் சாக்கைத் தூக்கினால், ஒன்றுகூடிக் கிடக்கும். வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் கிண்ணத்தில் பீர் ஊற்றி வைப்பார்கள். இழுப்பது சாராயமில்லை, புளித்த வாடைதான். மாவும் தண்ணீரும் ஈஸ்ட்டும் கலந்து புளிக்கவைத்த ரொட்டி மாவே நத்தைகளை நன்றாக இழுக்கிறது என்று 2021-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. புளித்த மாவுக்கு நம் வீடுகளில் என்ன பஞ்சம்? மூன்றாம் நாள் தோசை மாவைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்கிறது.

பிடித்ததை என்ன செய்வது? வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள், எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் வந்து வளர்கின்றன. அவை மனிதனுக்குள் போனால் மூளையுறை அழற்சி வரலாம். கையுறையோ பிளாஸ்டிக் பையோ இடுக்கியோ வேண்டும். குழந்தைகளை விளையாட விடக்கூடாது. சளித் தடம் உள்ள கீரையை ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பிடித்தவற்றைக் கெட்டியான உப்புக் கரைசல் உள்ள வாளியில் போடலாம். நத்தையின் மேல் தோட்டத்திலேயே உப்பைத் தூவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நத்தை சாகும், சரி. அந்த உப்பு தொட்டி மண்ணை விட்டு எங்கே போகும்?

இனி முட்டை ஓடு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். செடியைச் சுற்றி முட்டை ஓட்டைத் தூள் செய்து போட்டால் நத்தை தாண்டாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி 2018-இல் இதைச் சோதித்தது. 108 லெட்டூஸ் செடிகள். முட்டை ஓடு, செம்பு நாடா, சரளைக் கல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலி. வேலியே இல்லாத செடிகளும் உண்டு. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் வேலி போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் இல்லை. நத்தைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காகச் சுண்ணாம்பு அடித்த சுவரைக்கூடச் சுரண்டும். அதன் எதிரில் முட்டை ஓட்டைத் தூவுவதை வேலி என்கிறோம்.

மருந்து கேட்டீர்கள். கடையில் கிடைக்கும் நத்தைக் குருணை பெரும்பாலும் மெட்டால்டிஹைடு. சளியை அளவில்லாமல் கக்கவைத்து, உலர்த்திக் கொல்லும். நாய் தின்றாலும் வலிப்பு வந்து சாகும். பிரிட்டனில் 2022 மார்ச்சோடு வெளியிடங்களில் அதைப் பயன்படுத்தத் தடை வந்துவிட்டது. நாய், கோழி, குழந்தை நடமாடும் வீட்டில் வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் அதை வாங்குங்கள். அதைத் தின்ற நத்தை சாப்பாட்டை நிறுத்திவிட்டு எங்கோ மறைவில் போய்ச் சாகும். பிணம் கண்ணில் படாததால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் கொட்டாதீர்கள். புகையிலைக் கஷாயத்தில் மயில்துத்தம் கலந்து தெளிக்கும் முறையைக் கேரளத்தில் பரிந்துரைத்திருக்கிறார்கள். வேலி ஓரத்துக்கும் சுவருக்கும் அது சரி. ஆனால் புகையிலைக் கஷாயம் 'இயற்கை' என்று நம்பிக் கீரையில் அடிக்கிறார்கள். நிக்கோட்டினும் இயற்கைதான், எட்டிக்காயும் இயற்கைதான்.

சரி, கடிக்கும் வாய்க்கு வருவோம். இதைச் சுருக்கமாகவே முடிக்கிறேன், ஏனென்றால் புழுவைக் கண்ணால் பார்த்துக் கையால் எடுத்துவிடலாம். எடுத்து மாளாது என்றால் பி.டி. என்று கடையில் சொல்லும் பாக்டீரியா மருந்து உண்டு. அதன் நஞ்சு, இலையோடு சேர்ந்து புழுவின் வயிற்றுக்குள் போய், அங்குள்ள காரத்தன்மையில் கரைந்தால்தான் வேலை செய்யும். மேலே பட்டால் ஒன்றும் ஆகாது. தின்ற புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிடும்; சாக இரண்டு மூன்று நாள் ஆகலாம். மறுநாள் காலையில் புழு உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு வேறு மருந்து தேடிப் போக வேண்டாம்.

உறிஞ்சும் வாய்க்கு பி.டி. எதுவும் செய்யாது. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி எல்லாம் ஊசியைச் செருகி உள்ளே ஓடும் சாற்றைக் குடிப்பவை. இலைமேல் நாம் பூசுவது அவற்றின் வாய்க்குப் போவதில்லை. அவற்றை உடம்பில் பட்டுத்தான் மடக்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம், இலையின் அடிப்பக்கம். இந்த அடிப்பக்கம் என்பதைத்தான் யாரும் செய்வதில்லை. மேலே மழை மாதிரி பொழிந்துவிட்டு, வேம்பு சரியில்லை என்கிறார்கள்.

மாவுப்பூச்சி இருந்தால் எறும்பையும் பாருங்கள். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நிற்கும்; குளவியையும் பொறிவண்டையும் கிட்டே அண்டவிடாது. எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் மாவுப்பூச்சியை மட்டும் ஒழிக்க முடியாது. இன்னொன்று. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதே வெள்ளை மெழுகு நூல் போர்த்திக்கொண்டு, ஆனால் அளவில் பெரிதாக, வேகமாக நடந்துகொண்டு ஒன்று இருக்கும். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழு. 1898-இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மாவுப்பூச்சி என்று நினைத்து முதலில் அதைத்தான் நசுக்குகிறார்கள். மாவுப்பூச்சி மெதுவாகத்தான் நகரும். விறுவிறுவென்று நடந்தால் விட்டுவிடுங்கள்.

இங்கிருந்து நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தின்ன வந்த வாயைப் பார்த்தது போதாது. அதைத் தின்னவென்று நாம் அழைத்துவரும் வாயையும் பார்க்க வேண்டும்.

2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, வேலியோரக் களை வரை ஒன்றையும் விடவில்லை. விவசாயிகள் மருந்துமேல் மருந்து அடித்தார்கள். மெழுகுப் போர்வையில் பட்டு வழிந்துபோனது. அதன் சொந்த ஊரில் அதை அடக்கிவைத்திருப்பது அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி. அதைப் பார்க்கவே கண்ணைச் சுருக்க வேண்டும், அவ்வளவு சிறிசு. 2010-இல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தக் குளவி பெங்களூரில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனத்துக்கு வந்தது. தனிமைக்கூடத்தில் வைத்துச் சோதித்தபின், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. குளவி தன் முட்டையை மாவுப்பூச்சியின் உடம்புக்குள் வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, உலர்ந்த கூட்டில் வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அதற்காக விவசாயிகளிடம் வைத்த வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான், மருந்து அடிக்காதீர்கள்.

இப்போது இதற்கு நேர் எதிரான கதை. அதே ஆப்பிரிக்கப் பெருநத்தை 1967-இல் டஹிட்டித் தீவுக்கு வந்துவிட்டது. அதைத் தின்னட்டும் என்று புளோரிடாவிலிருந்து வந்த ஓநாய் நத்தையை அங்கும் சுற்றுத் தீவுகளிலும் விட்டார்கள். பக்கத்துத் தீவான மூரேயாவில் விட்டது 1977-இல். மற்ற நத்தைகளின் சளித் தடத்தை மோந்துகொண்டே போய்ப் பிடித்துத் தின்னும் வேட்டைக்கார நத்தை அது. பெருநத்தையை அது ஒழிக்கவில்லை. அந்தத் தீவுகளில் மட்டுமே வாழ்ந்த, மரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு பார்ட்டுலா நத்தைகள் அதற்குச் சுலபமான இரையாகின. பத்தே ஆண்டுகளில் மூரேயாவின் காட்டில் பார்ட்டுலா கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று. அவை யாருடைய தோட்டத்தையும் தின்றவை அல்ல. ஆராய்ச்சியாளர்கள் மீட்டெடுத்த கொஞ்ச நத்தைகளை விலங்குக் காட்சிசாலைகளில் பிளாஸ்டிக் டப்பாக்களில் வளர்த்தார்கள். பக்கத்துத் தீவு ஒன்றின் இனத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரே நத்தை 1996 ஜனவரியில் லண்டன் காட்சிசாலையில் செத்தது. அதோடு அந்த இனமும் முடிந்தது. வேறு சில இனங்களை இப்போது திரும்பத் தீவில் விட்டுவருகிறார்கள்.

இரண்டு கதையிலும் எண்ணம் ஒன்றுதான், தின்ன வந்ததற்குப் பகையைக் கொண்டுவருவது. குளவிக்கு அந்த மாவுப்பூச்சி இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. ஓநாய் நத்தைக்கு எந்த நத்தையானாலும் சரி. முதலாவதை வரவேற்கலாம். இரண்டாவதை வாசலிலேயே நிறுத்த வேண்டும். யாராவது உங்களிடம் வாத்து வளருங்கள் என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்துகள் தினமும் வரிசையாக நத்தை தின்னப் போகின்றன, அது உண்மை. அது திராட்சைத் தோட்டம். கொடி உயரத்தில் இருக்கிறது. கீரைப் பாத்தியில் வாத்தை விட்டால் நத்தையும் இருக்காது, கீரையும் இருக்காது.

பல நேரங்களில் சும்மா இருப்பதே போதும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது, அதை அடக்கும் என்கார்சியா என்ற குளவியும் கூடவே இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். யாரும் இறக்குமதி செய்யவில்லை. மருந்து அடித்த தோப்புகளில் அந்தக் குளவிதான் முதலில் செத்தது. உங்கள் மாடியில் உள்ள தென்னங்கன்றில் வெள்ளை ஈ இருந்தால் இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள், அதற்குமேல் வேண்டாம். நத்தைக்கும் செம்போத்து இருக்கிறது. புதர் மண்டிய மூலை ஒன்றை வெட்டாமல் விட்டுவைத்தால் அது வரும். ஓட்டை உடைத்துத் தின்னும். புதரில் பாம்பு வராதா என்று கேட்பீர்கள். வரலாம். அது உங்கள் வீட்டு ஏற்பாடு, நான் தலையிடவில்லை.

கடைசியாக ஒரு வேலை. நத்தையைக் கொன்றபின் அந்த ஓடுகளைத் தோட்டத்து மூலையில் குவித்து வைக்காதீர்கள். மழை பெய்தால் வாய் மேல்நோக்கிக் கிடக்கும் ஒவ்வொரு ஓட்டிலும் தண்ணீர் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். ஆழமாகக் குழி வெட்டி, ஓடுகளை நொறுக்கி, மேலே சுண்ணாம்பு தூவி மூடிவிடுங்கள். சாகாத நத்தை ஒன்றுகூட அந்தக் குழிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்துவிடும். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். படம் வைத்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், ஓட்டையின் ஓரம் தெரிகிற மாதிரி பெரிதாக்கிக் காட்டுங்கள்.